வாய் அசையாதவருக்குப் பேச்சு: மூளையில் வைக்கும் சில்லு எதைப் படிக்கிறது?

கேள்வி இது: "ஏ.எல்.எஸ். நோயாலோ பக்கவாதத்தாலோ பேச்சை இழந்தவர்கள் மூளையில் பொருத்திய சில்லு வழியாகப் பேசுகிறார்கள் என்று செய்தி வருகிறது. 97 சதவீதம் சரியாக வருகிறதாம். மனதில் நினைப்பதை அப்படியே படித்துவிடுகிறதா? அறுவை சிகிச்சை இல்லாமல் தலையில் தொப்பி மாட்டிச் செய்ய முடியாதா? நோயாளிகளுக்கு எப்போது கிடைக்கும்?"

மனதில் ஓடுவதை இந்தக் கருவி படிப்பதில்லை. பேசுவதற்காக உதட்டுக்கும் நாக்குக்கும் தாடைக்கும் குரல்வளைக்கும் மூளை போடும் உத்தரவைத்தான் படிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது, மூளையின் சிக்னலைப் பிடிக்கும் எலக்ட்ரோடை எங்கே வைப்பது, சில நாள் ஏன் சொதப்புகிறது, அந்தரங்கத்துக்கு என்ன ஆபத்து எல்லாமே.

ஏ.எல்.எஸ். நோயில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தால், பெருமூளையிலிருந்து கீழே இறங்கும் பாதை அந்த இடத்தில் அறுபடுகிறது. இரண்டிலும் உத்தரவு பிறக்கும் இடம் பெருமளவு தப்பிவிடுகிறது. 'ப' சொல்ல முயன்றால் உதட்டை மூடச் சொல்லும் உத்தரவு வழக்கம்போலவே கிளம்புகிறது. உதட்டுக்குப் போய்ச் சேருவதில்லை, அவ்வளவுதான். பல ஆண்டுகள் பேசாமல் கிடந்தாலும் அந்த உத்தரவின் வடிவம் அழிவதில்லை என்று தெரியவந்ததுதான் இந்தத் துறையையே திறந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சாங் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர், மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் பேச்சை இழந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்.

அதே காரணத்தால்தான் அஃபேசியா, அதாவது மொழித்திறன் இழப்பு, உள்ளவர்களுக்கு இன்றைய கருவிகள் பயன்படுவதில்லை. பக்கவாதம் இடது மூளையின் மொழிப் பகுதியைத் தாக்கினால் சொல்லே அகப்படாது. அங்கே போடப்படாத உத்தரவை யார் படிப்பது? வீட்டில் இரண்டையும் "பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது" என்றே சொல்வார்கள். வித்தியாசம் தெரிய ஓர் எளிய சோதனை உண்டு. எழுத்துப் பலகையைக் காட்டினால் கண்ணாலோ விரலாலோ எழுத்துக்கூட்டி, இதுவரை சொல்லாத புதிய வாக்கியம் ஒன்றை அமைக்க முடிகிறதா? முடிந்தால் மொழி பத்திரமாக இருக்கிறது, வாய்தான் பழுது. மருத்துவர் முறையாகச் சோதித்துத்தான் முடிவு சொல்வார். என்றாலும் எந்தப் பக்கம் என்பது இதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

எலக்ட்ரோடு இரண்டு வகை. ஒன்று மூளையின் மேற்பரப்பில் விரிக்கும் மெல்லிய தகடு. அதில் தட்டையான உலோகப் புள்ளிகள் இருக்கும். 2021 ஆய்வில் 128, அதே குழு 2023-இல் வெளியிட்டதில் 253. ஒவ்வொரு புள்ளியும் தன் கீழே இருக்கும் ஆயிரக்கணக்கான செல்களின் கூட்டு இரைச்சலைக் கேட்கிறது. அதில் வினாடிக்குச் சுமார் 70 முதல் 150 முறை அதிரும் வேகமான பகுதிதான் பேச்சு அசைவோடு நன்றாக ஒத்துப்போகிறது. இன்னொன்று யூட்டா அரே எனப்படும் முள்சீப்பு. 3.2 மில்லிமீட்டர் சதுரத்தில் 64 ஊசிகள். ஒவ்வொன்றும் சுமார் 1.5 மில்லிமீட்டர் நீளம். காற்றழுத்தக் கருவியால் ஒரே தட்டில் மூளைக்குள் இறக்குவார்கள். ஊசி முனை தனித்தனி செல்கள் துடிப்பதையே கேட்கும் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. தகடு நிலையானது, ஆனால் மங்கல். ஊசி கூர்மையானது, ஆனால் நாளுக்கு நாள் மாறும். இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தாண்டியவர் இன்னும் யாருமில்லை.

இடம் தப்பினால் எல்லாம் போச்சு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் வில்லெட், ஜேமி ஹெண்டர்சன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் ஏ.எல்.எஸ். உள்ள ஒரு பெண்ணுக்கு நான்கு அரே வைத்தார்கள். இரண்டு, முகத்தையும் வாயையும் இயக்கும் முன்னியக்கப் புறணியில். இரண்டு, பேச்சின் இருப்பிடம் என்று பாடநூல்கள் நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவரும் புரோக்கா பகுதியில். புரோக்கா பகுதியில் வைத்தவை ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. மற்ற இரண்டு, அதாவது 128 ஊசிகள், போதுமானதாக இருந்தன. அந்தச் சிறு சதுரத்துக்குள்ளேயே உதடு, நாக்கு, தாடை, குரல்வளை எல்லாவற்றின் உத்தரவும் கலந்தே கிடந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செர்கே ஸ்டாவிஸ்கி, டேவிட் பிராண்ட்மன் குழு வேறொரு நோயாளிக்கு நான்கு அரேக்களையும், மொத்தம் 256 ஊசி, இடது மூளையின் இயக்கப் பகுதியிலேயே வைத்தது. இடத்தைக் கண்ணால் பார்த்துக் குறிப்பதில்லை. ஒவ்வொருவர் மூளை மடிப்பும் வேறு என்பதால், அறுவைக்கு முன்பே எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து அந்தந்த மூளையின் வரைபடம் தயாராகும். ரத்தக் குழாய் குறுக்கிட்டால் சில மில்லிமீட்டர் நகர்த்துவார்கள்.

சிக்னல் எவ்வளவு வருகிறது? ஒவ்வொரு ஊசியையும் வினாடிக்கு 30,000 முறை அளக்கிறார்கள். 256 ஊசிக்கு வினாடிக்கு 76 லட்சத்து 80 ஆயிரம் எண்கள், ஏறத்தாழ 15 மெகாபைட். இதை அப்படியே டிகோடருக்கு, அதாவது சிக்னலைப் பேச்சாக மாற்றும் மென்பொருளுக்கு, கொடுப்பதில்லை. 20 மில்லிவினாடிக்கு ஒரு முறை, ஊசி ஒன்றுக்கு இரண்டே எண்களாகச் சுருக்குகிறார்கள்: வழக்கமான இரைச்சலைவிட நான்கரை மடங்கு கீழே பாய்ந்த துடிப்புகள் எத்தனை, துடிப்புகள் வரும் அலைவரிசையில் மொத்த ஆற்றல் எவ்வளவு. ஆக 512 எண்கள், வினாடிக்கு 50 தடவை. முந்நூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பேச்சு அதற்குள்தான் இருக்கிறது.

அடுத்தது டிகோடர். இது சொற்களைத் தேடுவதில்லை, சொற்களை ஆக்கும் தனித்தனி ஒலிகளான ஒலியன்களைத் தேடுகிறது. ஆங்கிலத்துக்கு 39 ஒலியன்கள், கூடவே மௌனம். சுமார் 80 மில்லிவினாடிக்கு ஒரு தடவை, இப்போது எந்த ஒலிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று நரம்பியல் வலையமைப்பு எனப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒரு பட்டியல் தரும். சொற்களை நேரடியாகக் கற்பித்தால் 50 சொல்லுக்கு மேல் நகர்வது கடினம், ஒவ்வொரு சொல்லையும் பலமுறை சொல்லச் சொல்ல வேண்டும். ஒலியனைக் கற்பித்தாலோ, பயிற்சியில் ஒருமுறைகூட வராத சொல்லும் வரும்.

விளங்குவதற்காகத் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 'பால்' என்று சொல்ல முயல்கிறார். முதல் சில கட்டங்களில் டிகோடர் மௌனம் என்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் 'ப்' 55 சதவீதம், 'ம்' 30, 'வ்' 10 என்று வருகிறது (இந்த எண்கள் விளக்கத்துக்காக). 'ப்', 'ம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுகிறது, மூக்குவழிக் காற்றும் குரல்வளை அதிர்வும்தான் வித்தியாசம். எனவே குழப்பம் இயற்கை. 'ஆ' தெளிவாக வருகிறது. கடைசியில் 'ல்' 45, 'ள்' 40 என்று இழுபறி. ஆக கையில் இருப்பது பால், பாள், மால், வால் என்று ஒரு கொத்து. எது சரி என்று மூளைச் சிக்னலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இங்கேதான் எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வரும் என்று கணிக்கும் மொழி மாடல் வருகிறது. அடுத்த சொல் 'குடிக்க' என்று வந்தால் 'பால்' வென்றுவிடும்.

பயிற்சியில் மறைந்திருக்கும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சாதாரணப் பேச்சறிமுறை மென்பொருளுக்கு ஒலிப்பதிவு இருக்கும். எந்த வினாடியில் எந்த ஒலி என்று சரிபார்க்கலாம். இங்கே ஒலியே இல்லை. திரையில் காட்டிய வாக்கியம் தெரியும். அதை அவர் எந்தக் கணத்தில் எந்த ஒலிக்கு வந்தார் என்பது தெரியாது. அதனால் ஒலிகளின் வரிசை மட்டும் சரியாக இருந்தால் போதும், எங்கே நீண்டது எங்கே நின்றது என்பதை வலையமைப்பே கண்டுகொள்ளட்டும் என்று விடும் பயிற்சி முறை ஒன்றைக் கையாள்கிறார்கள். சி.டி.சி. என்பது அதன் பெயர். பேச்சறிமுறைத் துறையிலிருந்து கடன் வாங்கியது.

மொழி மாடலுக்கு இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு, அடுத்தடுத்து வரும் மூன்று அல்லது ஐந்து சொற்களின் வாய்ப்பை எண்ணி வைத்திருக்கும் பெரும் பட்டியல். 1,25,000 சொல் அகராதியோடு ஐந்து சொல் வரிசைப் பட்டியலை ஏற்ற சுமார் 300 கிகாபைட் ரேம் வேண்டும். மூன்று சொல் வரிசை என்றால் 60 போதும். அது தரும் சில நூறு வாக்கியங்களை, இரண்டாவது அடுக்கில் ஒரு பெரிய மொழி மாடல் வாசித்துப் பார்த்து வரிசை மாற்றும். ஆய்வகப் படங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி நிறையக் கணினிகள் நிற்பது இதற்காகத்தான்.

இப்போது செய்தியில் வரும் சதவீதங்கள். சொற்பிழை விகிதம் என்பது, தவறாக மாறிய சொல், விட்டுப்போன சொல், கூடுதலாக நுழைந்த சொல் மூன்றையும் கூட்டி, சொல்ல நினைத்த சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. அகராதி எவ்வளவு பெரியது என்று சொல்லாமல் இந்த எண்ணைச் சொன்னால் அர்த்தமே இல்லை. 2021-இல் 50 சொல் அகராதி, நிமிடத்துக்குச் சுமார் 15 சொல், பிழை 25.6 சதவீதம், மொழி மாடலைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பிழை 60 சதவீதம். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு குழு நிமிடத்துக்கு 62 சொல்; பிழை 50 சொல் அகராதிக்கு 9.1, 1,25,000 சொல் அகராதிக்கு 23.8. அதே நாளில் வெளியான சாங் குழுவின் ஆய்வில் 1,024 சொல் அகராதியோடு நிமிடத்துக்கு 78 சொல், பிழை சுமார் 25. நாலில் ஒரு சொல் தவறு என்றால் பேச்சு புரியும், நம்ப முடியாது. 2024-இல் டேவிஸ் குழு காட்டியதுதான் அந்த 97.5 சதவீதம்: 1,25,000 சொல் அகராதி, எட்டு மாதத்துக்கு மேல் நிலைத்தது, நாற்பது சொல்லுக்கு ஒரு பிழை. முதல் நாள் அரை மணிநேரப் பயிற்சியிலேயே 50 சொல்லுக்கு 99.6, இரண்டாம் நாள் மேலும் 1.4 மணிநேரப் பயிற்சிக்குப்பின் முழு அகராதிக்கு 90.2. ஊசியின் எண்ணிக்கை இரட்டித்ததும், எல்லாம் சரியான இடத்தில் இருந்ததும் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. டேவிஸ் குழுவின் நோயாளி தன் போக்கில் பேசும்போது வேகம் நிமிடத்துக்கு 32 சொல்தான். இயல்பான உரையாடல் 150 சொல்லைத் தொடும்.

இதெல்லாம் ஒவ்வோர் ஆய்விலும் ஒரே ஒருவரிடம் கிடைத்த முடிவு என்பதையும் மறக்க வேண்டாம். இதுவரை பேச்சுக்காகப் பொருத்திக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

ஓர் அமர்வு எப்படி நடக்கும்? மண்டையோட்டில் திருகிப் பொருத்திய டைட்டானியக் குமிழ் ஒன்று தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றி, சுத்தம் செய்து, கேபிளை மாட்டுவார்கள். வெறும் இரைச்சல் மட்டும் தரும் ஊசிகளை அடையாளம் காண்பார்கள். திரையில் ஒரு வாக்கியமும் சிவப்புச் சதுரமும் தெரியும். சதுரம் பச்சையானதும் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்ல முயல்வார். குரல் எழுப்பித்தான் முயல வேண்டும் என்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் சத்தமில்லாமல் வாயசைக்க முயன்றபோதும் பிழை 24.7 சதவீதம்தான், ஏறக்குறைய அதே அளவு. வாக்கியங்கள் நாளுக்கு நூற்றுக்கணக்கில் போகும். அந்த ஆய்வில் மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல் சேர்ந்தன. களைப்பு கடுமையானது. ஏ.எல்.எஸ். உள்ளவர் மூச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், இடைவெளி விட்டுவிட்டுத்தான் செய்வார்கள்.

கோளாறுகளுக்கு வருவோம். இதில்தான் விஷயம் அதிகம்.

முதலாவது, நேற்று கேட்ட செல் இன்று கேட்காது. மூளை மண்டைக்குள் மிதக்கிறது. மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் லேசாக அசைகிறது. ஊசி சில மைக்ரான் நகர்ந்தாலே வேறு செல் அகப்படும். நாளடைவில் ஊசியைச் சுற்றித் தழும்புத் திசு வளர்கிறது. நேற்றைய டிகோடரை இன்று அப்படியே போட்டால் பிழை எகிறும். தீர்வு, ஒவ்வொரு நாளுக்கும் சிக்னலைத் திருத்தி அனுப்பும் ஒரு சிறு முன்னடுக்கு. பயிற்சியின்போது வேண்டுமென்றே செயற்கை இரைச்சலைக் கலந்து டிகோடரைப் பழக்குவது. அவர் பேசப்பேச, சரி என்று அவர் ஒப்புக்கொண்ட வாக்கியங்களை வைத்துப் பின்னணியில் டிகோடரைத் திருத்திக்கொண்டே போவது. கடைசியாகச் சொன்னது நிலைத்த பிறகுதான், காலையில் அரைமணி நேரம் சோதனை வாக்கியம் ஓதும் தொல்லை குறைந்தது.

இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. மொழி மாடல் தவறினால் அழகாகத் தவறும். சிக்னல் மங்கலாக இருக்கும்போது உளறலாக வந்தால் கேட்பவர் "புரியவில்லை" என்பார். ஆனால் இலக்கணம் பிசகாத, நம்பத் தகுந்த, அவர் சொல்லாத ஒரு வாக்கியம் வந்தால்? ஆட்பெயர், ஊர்ப்பெயர், மருந்துப் பெயர், வீட்டுக்குள் மட்டும் வழங்கும் செல்லப்பெயர் எல்லாமே அகராதியில் அருகியவை. மாடல் அவற்றை அருகில் உள்ள பழகிய சொல்லாக மாற்றிவிடும். 'வேண்டாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையே ஓர் அசைதான் வித்தியாசம். அதனால் வாக்கியத்தை உரக்க ஒலிக்கும் முன் திரையில் காட்டி, சரியா தவறா என்று கண்ணால் தேர்வு செய்ய வைக்கும் படி எந்த அமைப்பிலும் இருக்க வேண்டும். சிகிச்சைக்கான சம்மதம், உயில் போன்றவற்றைக் கருவி சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பழைய ஆம்/இல்லை முறையில் மறுபடி கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பெயர்களைத் தனியாக அகராதியில் சேர்க்க வசதி இருக்கிறதா என்று முதல் வேலையாகக் கேளுங்கள்.

மூன்றாவது, எப்போது பேசுகிறார், எப்போது நிறுத்தினார் என்பது. தொடக்கத்தைச் சிக்னலிலேயே கண்டுகொள்ளலாம். முடிவு கடினம், யோசிக்க நிறுத்தினாரா, முடித்துவிட்டாரா? முடிந்தது என்ற பொத்தானைக் கண்ணால் பார்ப்பது அல்லது சில வினாடி மௌனத்தை முடிவாகக் கொள்வது என்று சமாளிக்கிறார்கள். இருமினாலும் கொட்டாவி விட்டாலும் அதே தசைப் பகுதிதான் துடிக்கிறது, கருவி சில சமயம் ஏமாறும்.

நான்காவது, ஆய்வு செய்பவர்களுக்கான பொறி. கொஞ்சமாவது குரல் எழுப்பக்கூடியவர் பேச முயலும்போது, குரலின் அதிர்வு மண்டையோடு வழியாகவும் கேபிள் வழியாகவும் எலக்ட்ரோடில் ஏறிவிடலாம். அப்போது டிகோடர் மூளையைக் கேட்கவில்லை, மைக்கைப்போலக் குரலைக் கேட்கிறது. முடிவு பிரமாதமாக இருக்கும், குரல் போன அன்று எல்லாமே போகும். ஒரே நேரத்து ஒலிப்பதிவையும் சிக்னலையும் ஒப்பிட்டு இதை விலக்காத ஆய்வை நம்ப வேண்டாம்.

உடம்பு சார்ந்தவை: தோலைத் துளைத்து நிற்கும் குமிழைச் சுற்றி எரிச்சல், கிருமித்தொற்று. யூட்டா அரே பொருத்திய 14 பேரின் 12,203 நாட்களை, அமெரிக்க ஆய்வகங்கள் பல சேர்ந்த பிரெயின்கேட் குழு தொகுத்து வெளியிட்டது. கருவி சார்ந்த 68 பாதிப்புகள், அவற்றில் 6 தீவிரமானவை. அதிகம் வந்தது குமிழைச் சுற்றிய தோல் எரிச்சல். பாதுகாப்புக் காரணத்துக்காகக் கருவியை வெளியே எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. குமிழே இல்லாமல் முழுக்கத் தோலுக்கடியில் வைக்கும் கருவி வந்தால் இந்தத் தொல்லை போய்விடும். ஆனால் வினாடிக்கு 15 மெகாபைட்டைச் சூடேறாமல் கம்பியின்றி வெளியே அனுப்ப வேண்டும், பொறியாளர்களின் தலைவலி அது.

நோயே முன்னேறுவது இன்னொன்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஏ.எல்.எஸ். உள்ள ஒருவருக்கு, முழுக்க உள்ளே வைத்த கருவி ஒன்று ஏழு ஆண்டுகள் வீட்டில் வேலை செய்தது. அது பேச்சு அல்ல. கையசைக்க முயன்றால் ஒரு சொடுக்கு. மூளைத் திசு சுருங்கச் சுருங்க, அந்த ஒற்றைச் சொடுக்கும் கடைசியில் நம்பகமற்றதாகிவிட்டது. பேச்சுக் கருவிகள் இன்னும் அத்தனை ஆண்டுகளைப் பார்க்கவில்லை. கண்கூட அசையாத நிலைக்குப் போனபின் பொருத்தினால் நிலைமை எப்படி என்பதற்கு 2022-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு உண்டு: அதில் பங்கேற்றவர் காதில் கேட்கும் சுருதியை ஏற்றி இறக்கி எழுத்தைத் தேர்வு செய்தார், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்து. மெதுவுதான். ஆனால் அதற்கு முன் அவரிடமிருந்து எதுவுமே வந்துகொண்டிருக்கவில்லை.

எழுத்தாக வராமல் நேரே குரலாக வராதா என்றால், வரத் தொடங்கிவிட்டது. எழுத்துவழிப் பேச்சில் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். 2025-இல் சாங், கோபாலா அனுமஞ்சிப்பள்ளி குழுவினர் 80 மில்லிவினாடித் துண்டுகளாகக் குரலை ஓடவிட்டார்கள். அதே ஆண்டு டேவிஸ் குழு, மொழி மாடலையே கழற்றிவிட்டு, சுமார் 25 மில்லிவினாடித் தாமதத்தில் சிக்னலை நேரடியாக ஒலியாக்கியது. பலன்: அகராதியில் இல்லாத சொல், 'ம்ம்', 'ஓ', கேள்விக்குரிய ஏற்ற இறக்கம், எளிய மெட்டு எல்லாம் சாத்தியமாயின. விலை: கேட்பவர்களுக்குச் சுமார் 60 சதவீதச் சொற்களே புரிந்தன. தவறைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் பழகப்பழக இது முன்னேற இடமிருக்கிறது. நீண்ட நாளில் இந்த வழிதான் வெல்லும் என்று தோன்றுகிறது.

மனதுக்குள் சொல்லிக்கொள்வது? 2025-இல் ஸ்டான்ஃபோர்டு குழு நான்கு பேரிடம் சோதித்தது. உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லும் அதே இயக்கப் பகுதியில், பேச முயலும்போது வரும் வடிவத்தின் மங்கிய பிரதியாகத் தெரிந்தது. வாக்கியம் கொடுத்து மனதுக்குள் சொல்லச் சொன்னபோது 1,25,000 சொல் அகராதியில் அதிகபட்சம் 74 சதவீதம் சரி. பேச முயல்வதைவிட இது களைப்பு குறைவு, அதனால் நல்ல செய்தி. கூடவே, திரையில் உருவங்களை மனதுக்குள் எண்ணச் சொன்னபோது எண்கள் சிக்னலில் லேசாகத் தலைகாட்டின. சொல்ல நினைக்காததும் கசியலாம் என்று பொருள். அதே குழு இரண்டு தடுப்புகளைக் காட்டியது: உள்பேச்சை மௌனமாகவே எடுத்துக்கொள்ளும்படி டிகோடரைப் பழக்குவது, மனதுக்குள் ஒரு கடவுச்சொல்லைச் சொன்னால் மட்டும் கருவி திறப்பது. ஆனால் சொல்லாக உருவெடுக்காத எண்ணம், நினைவு, ஆசை இதெல்லாம் இந்த இடத்திலிருந்து படிக்கப்பட்டதில்லை.

தொப்பி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: முடியாது, இப்போதைக்கு. மண்டையோடும் தோலும் சிக்னலைக் கலக்கி விரித்துவிடுகின்றன. நமக்கு வேண்டிய வேகமான அதிர்வு மேலே வரும்போது மிகச் சிறிதாகிவிடுகிறது; முகத் தசையின் மின்சாரம் அதைப்போலப் பல மடங்கு. தலைத்தோலில் வைத்து மூளை மின்சாரத்தை அளக்கும் இ.இ.ஜி.யிலிருந்து வாக்கியம் எடுத்ததாகச் சொன்ன சில ஆய்வுகளில், மூளைச் சிக்னலுக்குப் பதில் வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் அதே மாதிரி மதிப்பெண் வந்தது. பதிலை மொழி மாடலே இட்டுக்கட்டியிருந்தது. மெட்டா நிறுவனம் 2025-இல் காட்டியது, கைவிரலால் தட்டச்சு செய்பவர்களிடமிருந்து. காந்தப்புலம் அளக்கும் பெரிய கருவியில் எழுத்துப்பிழை 32 சதவீதம், இ.இ.ஜி.யில் 67. அந்தப் பெரிய கருவியும் காந்தக் கவசம் இட்ட அறைக்குள்தான் இயங்கும். தொப்பி விற்பவர் பேச்சு வரும் என்றால் நம்பாதீர்கள்.

தமிழில் வருமா? மேலே சொன்ன பெரிய முடிவுகள் ஆங்கிலத்தில் கிடைத்தவை. நாக்கும் உதடும் எல்லா மொழிக்கும் பொது என்பதால் டிகோடர் பெரிய தடையல்ல. ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் ஒருவரிடம் சாங் குழு 2024-இல் காட்டியதுபோல, ஒரு மொழியில் கற்றது இன்னொன்றுக்குக் கைகொடுக்கிறது. தடை மொழி மாடலில். 'போ' என்ற ஒரே வினை போனேன், போகல, போயிருக்கலாமே, போய்க்கிட்டிருந்தவங்களுக்கும் என்று விரிவதால், 1,25,000 சொல் அகராதி நமக்கு எந்த மூலைக்கு? சொல்லுக்குப் பதிலாகப் பகுதி விகுதியாக உடைத்துச் சேர்க்கும் மாடல் வேண்டும். எழுத்துத் தமிழில் பழக்கினால் 'போறேன்' என்றதை 'போகிறேன்' என்று திருத்தி, வீட்டில் பேசுபவரைச் செய்தி வாசிக்க வைத்துவிடும். பேச்சுத்தமிழ்த் தரவும், எழுத்தில் ஒரே 'க'வாக இருப்பது கடல், அகம், தங்கம் மூன்றிலும் வேறு வேறாக ஒலிப்பதைக் குறிக்கும் ஒலிப்பு அகராதியும் தேவை. இந்த வேலைக்கு அறுவை அறை வேண்டாம், இன்றே செய்யலாம்.

கிடைப்பது பற்றி: எங்கும் விற்பனைக்கு இல்லை. எல்லாமே மருத்துவப் பரிசோதனைகள். பெரும்பாலும் ஆய்வகத்துக்கு எட்டும் தூரத்தில் வசிப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள், வாரத்துக்குப் பல மணிநேரம் ஒதுக்க வேண்டும், பலன் உறுதியில்லை என்று எழுதி வாங்குவார்கள். பாராட்ரோமிக்ஸ் நிறுவனம் தன் கருவியைப் பேச்சுக்காக மனிதரிடம் சோதிக்க, அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 இறுதியில் அனுமதி கொடுத்தது. பொருத்திவிடுகிறேன் என்று இப்போதே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

நோய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று உண்டு: குரலைப் பதிந்து வைப்பது. டேவிஸ் ஆய்வில் கருவி ஒலித்தது நோயாளியின் சொந்தக் குரல், நோய்க்கு முந்தைய பதிவுகளிலிருந்து செய்தது. சாங் குழுவின் 2023 ஆய்வில் பங்கேற்ற பெண்ணுக்கு அவருடைய திருமண வீடியோவிலிருந்து எடுத்தார்கள். சொல் குழறத் தொடங்கும் முன் பதிய வேண்டும். குழறலோடு பதிந்தால் குழறலும் சேர்ந்தே வரும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திய அறை, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக், எம்.பி.3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். போனில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது குரலின் ஓரங்களைச் சீவிவிடும். ஒரே அமர்வில் முடிக்கப் பார்க்காமல் காலையில் பதினைந்து நிமிடம் வீதம் பல நாள் பதிந்தால் குரல் களைப்பு ஏறாது. புத்தகத்தை வாசித்தது மட்டும் போதாது. அலுத்துக்கொள்வது, கூப்பிடுவது, சிரிப்பது, கோபத்தில் "ஏய்" என்பது, வீட்டில் உள்ளவர்களை வழக்கமாக அழைக்கும் பெயர்கள் எல்லாவற்றையும் தனித்தனிக் கோப்பாக வையுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி இருக்கட்டும். இன்றைக்குக் கண்ணசைவுத் திரையோடும் அதே குரல் வேலை செய்யும்.